கிளவுட் கம்ப்யூட்டிங்கில் மேற்படிப்பு: வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, தம்பி படிப்புக்கு லோன் கேட்டோம்லா, பேங்க்ல வீட்டுப் பத்திரம் வேணுங்காங்க. கொடுத்துரலாமா?" என்றார். குரலில் தயக்கம் இருந்தது. ஆனாலும் படிப்பு என்று மகன் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர் அவர்.

தம்பி என்றால் என் சித்தி மகன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் இரண்டு வருடமாக சப்போர்ட் வேலை பார்க்கிறான். டிக்கெட் வரும், பார்ப்பான், தெரிந்தால் முடித்துவைப்பான், தெரியாவிட்டால் அடுத்த டீமுக்கு அனுப்புவான். இதிலிருந்து கிளவுட் பக்கம், அதாவது நிறுவனங்கள் சொந்தமாக வாங்காமல் அமேசான் போன்றவர்களிடம் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, நகர வேண்டும் என்பது அவன் ஆசை. நியாயமான ஆசைதான். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர் வைத்திருந்தான். ஒன்று அயர்லாந்து, இன்னொன்று இங்கிலாந்து. இரண்டிலும் படிப்பின் பெயர் எம்.எஸ்சி. கிளவுட் கம்ப்யூட்டிங், ஒரு வருடப் படிப்பு. ஃபீஸ், அறை வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 30 லட்சம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் துறையில்தான் இருக்கிறேன். அதில் ஆறு வருடம், வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கும் சித்தப்பாவுக்கும் நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகளில் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மேற்படிப்பு என்று நாம் பணம் கட்டும்போது இரண்டு சரக்கை ஒரே பையில் வாங்குகிறோம். ஒன்று தலைக்குள் போவது, மற்றொன்று பாஸ்போர்ட்டில் ஒட்டுவது. அதாவது படிப்பு ஒன்று, வெளிநாட்டில் தங்கி வேலை தேடும் உரிமை ஒன்று. இரண்டும் தேவையான ஆட்கள் உண்டு. ஆனால் நமக்கு எது வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தனித்தனியாக விலை பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தம்பியிடம் கேட்டேன்: "உனக்கு அயர்லாந்து வேணுமா, கிளவுட் வேணுமா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிளவுட்தான்க்கா. அயர்லாந்து கெடைச்சா நல்லாருக்கும்" என்றான். அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் பதில் வேறாக இருந்தால் முடிவும் வேறாகத்தான் வரும்.

தலைக்குள் போகவேண்டியது எது

2025 அக்டோபர் 20 அன்று அமேசான் கிளவுட்டின் வர்ஜீனியா டேட்டா சென்டர் தொகுப்பில் பெரிய கோளாறு ஏற்பட்டு, உலகம் முழுக்க எத்தனையோ ஆப்கள் மணிக்கணக்கில் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். என்ன நடந்தது என்பதை அமேசானே பிறகு விரிவாக வெளியிட்டது. டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் முகவரிகளை (எந்தப் பெயரை எந்த மெஷினில் தேடுவது என்று சொல்லும் பட்டியலை) புதுப்பிக்க, ஒரே வேலையைச் செய்யும் தானியங்கி புரோகிராம்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதமானது. அதற்குள் இன்னொன்று புதிய பட்டியலைப் போட்டு முடித்துவிட்டது. தாமதமானது பின்னால் வந்து, தன் கையிலிருந்த பழைய பட்டியலைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. அதே நேரம் முந்திக்கொண்ட புரோகிராம், பழைய பட்டியல்களைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்தது. கடைசியில் முகவரியே இல்லாத வெற்றுப் பதிவு மிஞ்சியது. அந்த டேட்டாபேஸை நம்பியிருந்த மற்ற சேவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

இதைப் புரிந்துகொள்ள அமேசான் கன்சோலில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. இரண்டு பேர் ஒரே பொருளைத் தொடும்போது யார் கடைசியில் எழுதினார்கள் என்பதை எப்படி உறுதி செய்வது, ஒரு மெஷின் பதில் சொல்லவில்லை என்றால் அது செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று எப்படி அறிவது என்பவை, பல மெஷின்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதைப் பற்றிய டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடத்தின் அடிப்படைக் கேள்விகள். அதற்குக் கீழே ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ். ஃபைல்களைச் சேமித்துவைக்கும் அமேசான் எஸ்3 சேவை வந்தது 2006 மார்ச்சில், பல மெஷின்களில் புரோகிராம்களைப் பிரித்து ஓட்டும் குபெர்னெட்டிஸ் 2014இல். இவற்றுக்கு அடியில் இருக்கும் கணக்கு அதைவிடப் பல வருடம் பழையது, இன்னும் பல வருடம் மாறப்போவதில்லை. ஒரு நல்ல முதுகலைப் படிப்பு தர வேண்டியது இந்த அடித்தளத்தைத்தான்.

அதனால்தான் அன்றைக்குத் தம்பியை லேப்டாப்போடு உட்காரவைத்து, ஆஃபர் வந்த இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் வரி வரியாகப் படித்தோம். நீங்களும் இதைச் செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. பாடத்தின் பெயரில் ஒரு கம்பெனியின் பெயரோ, ஒரு டூலின் பெயரோ இருந்தால் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அது பெரும்பாலும் வீட்டிலேயே, செலவில்லாமல் கற்றுக்கொள்ளக்கூடியது. கன்சென்சஸ் (மெஷின்கள் ஒரே முடிவுக்கு வருவது), ரெப்ளிகேஷன் (நகல்கள் வைப்பது), ஷெட்யூலிங் (வேலையைப் பங்கிடுவது), விர்ச்சுவலைசேஷன் (ஒரு மெஷினைப் பலதாகப் பிரிப்பது) என்று வந்தால் டிக் போடுங்கள். புரோகிராமிங் அசைன்மென்ட் எந்த மொழியில், ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எத்தனை மாதம், அதற்கு வழிகாட்டும் பேராசிரியர் அந்தத் துறையில் என்ன எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். ஒரு படிப்பில் டிக் நிறைய விழுந்தது. இன்னொன்றில், இரண்டாம் செமஸ்டர் முழுக்கக் கோடுதான். இரண்டுக்கும் ஃபீஸ் ஏறத்தாழ ஒன்று.

பெயரில் கிளவுட் என்ற சொல் இருப்பதே ஒரு தகுதி என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். வேலைக்கு எடுக்கும் இடத்தில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பொதுப் பெயரோடு, உள்ளே இரண்டு மூன்று கனமான சிஸ்டம்ஸ் பாடங்கள் இருக்கும் பட்டம், துறை மாறினாலும் கூடவே வரும். பெயரில் கிளவுட் இருக்கும் பட்டம் மோசம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், டப்ளினின் நேஷனல் காலேஜ் ஆஃப் அயர்லாந்தில் எல்லாம் இந்தப் பெயரிலேயே முதுகலை நடக்கிறது. நல்லதா இல்லையா என்பது பாடத்திட்டத்தில்தான் தெரியும்.

வேலையோடு சர்ட்டிஃபிகேட்

செலவு குறைந்த வழி இதுதான். அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குக் கட்டணம் 150 டாலர். 65 கேள்வி, 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி, மூன்று வருடம் செல்லும். ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் படித்தால் வேலையில் இருப்பவர்கள் எழுதிவிடலாம். மைக்ரோசாஃப்ட் அஷூரிலும் கூகுளிலும் இதேபோல உண்டு.

ஆனால் இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் இன்டர்வியூவில் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "ஒரு வெப்சைட் திறக்கவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பீர்கள்?" சில மாதங்களுக்கு முன் மூன்று சர்ட்டிஃபிகேட் வைத்திருந்த ஒருவர், "லோட் பேலன்சர் போடலாம், ஆட்டோ ஸ்கேலிங் போடலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். கேள்வியை மூன்று முறை மாற்றிக் கேட்டேன், புதுப்புது சேவைகளின் பெயர் வந்ததே தவிர, எங்கே உடைந்திருக்கிறது என்று தேடவே இல்லை. அடுத்து வந்த பெண்ணிடம் ஒரு சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது. "மொதல்ல பெயர் எந்த ஐபிக்குப் போகுதுன்னு பாப்பேன் மேடம். அப்புறம் அந்த போர்ட் வெளியிலேருந்து திறந்திருக்கான்னு பாப்பேன். இல்லன்னா ஃபயர்வால் ரூல், ரூட் டேபிள். சர்வருக்குள்ள போய் அந்த போர்ட்ல ஏதாவது கேக்குதான்னு பாப்பேன்" என்றார். அவரைத்தான் எடுத்தோம். இன்றைக்கு என் டீமில் நடு ராத்திரியில் நம்பி எழுப்பக்கூடிய ஆள் அவர்.

இவற்றில் குபெர்னெட்டிஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். அதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. இரண்டு மணி நேரம் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து கொடுத்த சிக்கல்களைச் சரிசெய்ய வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது.

சர்ட்டிஃபிகேட் எதற்கு உதவும் என்றால், தம்பி போல சப்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அதே நிறுவனத்துக்குள் டீம் மாற. எச்.ஆர். வடிகட்டியைத் தாண்டி ரெஸ்யூமே என் மேசைக்கு வர. அதற்குப் பிறகு அது பேசாது, நீங்கள்தான் பேச வேண்டும். அடித்தளப் படிப்பும் இதில் வராது. அதைத் தனியாகத் தேடிப் படிக்கும் ஒழுக்கம் இருந்தால், எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் வகுப்புகள் முழுதாக இலவசமாகக் கிடைக்கின்றன, லேப் பயிற்சிகளோடு. நான் பார்த்தவரை, பாதிக்குமேல் தனியாகத் தாண்டியவர்கள் குறைவு. வாத்தியாரும் தேதியும் இல்லாமல் படிப்பது கஷ்டம், அதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம்.

இங்கேயே எம்.இ., எம்.டெக்.

நம் வீடுகளில் இந்த வழியைக் காது கொடுத்துக் கேட்பதே குறைந்துவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம்.

எம்.டெக். சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் (GATE) எழுதி ஐஐடி அல்லது என்ஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.டெக். சேர்ந்தால், படிக்கும் இரண்டு வருடமும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். அதற்கு ஈடாக வாரம் எட்டு மணி நேரம் இளங்கலை மாணவர்களுக்கு லேப் எடுப்பது, பேப்பர் திருத்துவது போன்ற வேலை செய்ய வேண்டும். அந்த வேலையே ஒரு படிப்பு. ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் முப்பது பேரின் தவறுகளைத் திருத்திப் பார்த்தவனுக்கு அந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது. கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஐஐடி மெட்ராசும் திருச்சி என்ஐடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.இ. படிக்க கேட் ஸ்கோர் வழியாகவும் போகலாம், 2023 முதல் நடக்கும் சீட்டா பிஜி என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு வழியாகவும் போகலாம். உதவித்தொகை கேட் வழியாக வந்தவர்களுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கஷ்டம் எங்கே என்றால், கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பருக்குப் போட்டி கடுமை. வேலையில் இருந்துகொண்டு எட்டு பத்து மாதம் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். சேர்ந்த பிறகு இரண்டு வருடச் சம்பளம் போகும். தம்பிக்கு இப்போது கைக்கு வருவது மாதம் 32,000. இரண்டு வருடத்துக்கு 7,68,000. உதவித்தொகையைக் கழித்தால் இழப்பு 4,70,400. கட்டணத்தையும் ஹாஸ்டலையும் சேர்த்தாலும் அந்த 30 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. படித்து முடிக்கும்போது கேம்பஸ் பிளேஸ்மென்ட் இருக்கிறது, யார் வீட்டுப் பத்திரமும் பேங்கில் இல்லை.

கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற பெயரிலேயே எம்.டெக். நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்களும் இங்கே உண்டு. அதற்கும் அதே பென்சில் சோதனைதான். கூடவே, போன வருடம் அந்தப் படிப்பை முடித்த இரண்டு பேரிடம் நேரில் பேசாமல் சேர வேண்டாம். அட்மிஷன் ஆபீஸ் காட்டும் ஆட்கள் அல்ல, நீங்களாகத் தேடிப் பிடித்த ஆட்கள்.

வேலையை விடாமல் பட்டம்

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் ஆன்லைனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலை தொடங்கியது. மொத்தம் பத்துப் பாடம், முழுச் செலவும் ஏறத்தாழ 7,000 டாலர். வளாகத்தில் படித்தவர்களுக்குக் கொடுக்கும் அதே பட்டம். இதில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தின் புராஜெக்டுகளை சி மொழியில் எழுத வேண்டும். மல்டித்ரெட்டிங்கில் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் புரோகிராமில்) எங்கே லாக் மறந்தோம் என்று சனிக்கிழமை முழுக்கத் தேடிய என் சகா ஒருவரை எனக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங், கிளவுட் சிஸ்டம்ஸ் என்று தனிப் பாடங்களும் இருக்கின்றன. ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம், ஆனால் முதல் வருடத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் பி கிரேடுக்குக் குறையாமல் எடுத்துக் காட்ட வேண்டும்.

பிட்ஸ் பிலானி பணியில் இருப்போருக்கென்று நடத்தும் எம்.டெக். இன்னொரு வழி. நான்கு செமஸ்டர், வார இறுதி வகுப்புகள். சில நிறுவனங்கள் இதற்கு ஃபீஸே கட்டுகின்றன. உங்கள் எச்.ஆரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கேட்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் தெளிவு. இந்த வழியில் விசா கிடையாது, கேம்பஸ் பிளேஸ்மென்ட் கிடையாது. தலைக்குள் போவது மட்டும்தான். தம்பியைப் போல "கிளவுட்தான் வேணும்" என்பவர்களுக்கு, செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் படிப்பு தருவது இதுதான் என்பது என் கணிப்பு. ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே செய்வது உடம்பைப் பதம் பார்க்கும். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு இன்னும் கஷ்டம்.

வெளிநாடு

சரி, அயர்லாந்துக்கு வருவோம். அங்கே ஏன் கிளவுட் படிப்பு என்றால், அமேசானும் மைக்ரோசாஃப்டும் ஐரோப்பாவுக்கான பெரிய டேட்டா சென்டர்களை டப்ளினைச் சுற்றி வைத்திருக்கின்றன. 2023இல் அயர்லாந்தின் மீட்டர் போட்ட மின்சாரத்தில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. ஏஜென்ட்கள் இதைச் சொல்லி, "டேட்டா சென்டர் நிறைய, அதனால வேலையும் நிறைய" என்று முடித்துவிடுகிறார்கள். டேட்டா சென்டர் என்பது மெஷின்கள் நிறைந்த, ஆட்கள் குறைந்த இடம். அங்கே வேண்டியவர்கள் எலக்ட்ரீஷியன், கூலிங் டெக்னீஷியன், செக்யூரிட்டி. கிளவுட் இன்ஜினியர் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இதே கதைதான். அயர்லாந்தில் வேலை இருப்பது அந்த நிறுவனங்களின் இன்ஜினியரிங் அலுவலகங்களிலும், வங்கி, மருந்து, இன்சூரன்ஸ் நிறுவனங்களிலும்.

அயர்லாந்தின் உண்மையான பலம் அதன் விசா விதிகள். முதுகலை முடித்தவர்கள் 24 மாதம் வரை தங்கி வேலை தேடலாம். ஐடி வேலைகள் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் (நாட்டுக்கு அவசியமான வேலைகள்) பட்டியலில் இருப்பதால் பெர்மிட் வழி ஓரளவு நேரானது. அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஜனவரியில் 38,000 யூரோவானது. அது ஏறிக்கொண்டே போகும் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் போல அந்த பெர்மிட்டில் இருந்தால், முதலாளியைச் சார்ந்திராமல் வேலை பார்க்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பலவீனம் வீடு. டப்ளினில் அறை கிடைப்பது பெரிய போராட்டம்.

இங்கிலாந்தில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுகிறது. படித்து முடித்த பின் தங்கும் காலம் இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். தம்பி 2026 செப்டம்பரில் சேர்ந்தால் முடிப்பது 2027 கடைசியில். அதாவது அவனுக்கு 18 மாதம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 33,400 என்ற சலுகை உண்டு. சலுகை இருந்தாலும் ஸ்பான்சர் செய்ய முன்வரும் நிறுவனம் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் நான் அயர்லாந்தைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். முடித்தால் மூன்று வருடம் வரை வேலை பார்க்கலாம். அதன் பிறகு எச்-1பி என்ற வேலை விசா: ஆண்டுக்கு 65,000 பேருக்கு, அங்கே முதுகலை படித்தவர்களில் மேலும் 20,000 பேருக்கு. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தார்கள். அங்கேயே படித்துவிட்டு விசாவை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு வருடம் விதி மாறும் இந்த ஊரை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன்.

யாரும் பேசாத ஜெர்மனியைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்காக பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்காக வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். முடித்த பின் வேலை தேட 18 மாதம். படிப்பு இரண்டு வருடம், தியரி கனமாக இருக்கும், தலைக்குள் போவது நிறைய. ஜெர்மன் மொழி பேசத் தெரியாமல் வேலை தேடுவது சிரமம் என்பதால், இங்கிருந்தே மொழி வகுப்புக்குப் போகத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

கடன் கணக்கு

சித்தப்பாவிடம் நான் பேசியது இதைப் பற்றித்தான். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். 30 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 41,300 ரூபாய் சொச்சம். தம்பி போட்டிருந்த கணக்கு இத்தோடு நின்றுவிட்டது.

தவணை தொடங்குவது, படிப்பு ஒரு வருடமும் அதற்குமேல் ஒரு வருடமும் கழித்து. அந்த இரண்டு வருடத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகவே பார்த்தாலும் 6.6 லட்சம். அதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து 36.6 லட்சம் ஆகும். தவணை 50,400 ரூபாய்.

இப்போது இரண்டு காட்சி. டப்ளினில் 38,000 யூரோ சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. வரி போக மாதம் 2,600 யூரோவுக்குச் சற்று மேல் கைக்கு வரும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் தவணை 500 யூரோ. அறை வாடகை 900 போனாலும் சமாளிக்கலாம். வேலை கிடைக்கவில்லை, இரண்டாவது வருட முடிவில் சென்னைக்குத் திரும்புகிறான், இங்கே கைக்கு 60,000 வருகிற வேலை கிடைக்கிறது என்று வைப்போம். தவணை போக மிச்சம் 9,600. மேடவாக்கத்தில் ஒரு அறைக்கு வாடகைகூடக் கொடுக்க முடியாது. தவணை தவறினால் போவது கோவில்பட்டி வீடு. அந்த வீட்டைச் சித்தப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிய முப்பது வருடச் சம்பளத்தில் கட்டினார்.

முதல் காட்சி நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நடந்த வீடுகளை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலும், போகும்போதே மூன்று நான்கு வருடம் உண்மையான கிளவுட் வேலை பார்த்திருந்த பிள்ளைகள்தான் இருந்தார்கள். அங்கே உள்ள நிறுவனமும் என்னைப் போலத்தான் கேள்வி கேட்கும். டிக்கெட்டை அடுத்த டீமுக்கு அனுப்பிய அனுபவத்தோடு போய், ஒரு வருடத்தில் பட்டம், வேலை, மொழிவழக்கு, குளிர் எல்லாவற்றையும் சமாளி என்பது ஒரு இருபத்து நான்கு வயதுப் பையன்மீது வைக்கும் பெரிய பாரம்.

வேலைவாய்ப்பு இருக்கிறதா என்று சித்தப்பா கேட்டார். இருக்கிறது. ஆனால் எந்த மாடியில் என்று பார்க்க வேண்டும். சர்வரைத் தொடங்கு, நிறுத்து, பேக்கப் எடு என்கிற கீழ்த்தட்டு வேலைகள் என் கண்முன்னே தானியங்கியாக மாறிவிட்டன. இப்போது ஏஐ வேறு வந்து, கிளவுட் மெஷின்களை அமைக்கும் டெர்ராஃபார்ம் புரோகிராமை எழுதித் தருகிறது. நாங்கள் தேடி அலைவது, அந்த புரோகிராம் ஏன் தப்பு என்று சொல்லும் ஆளை. எஸ்ஆர்இ (சேவைகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்பவர்), பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் (மற்ற டீம்கள் பயன்படுத்தும் கிளவுட் அமைப்பைக் கட்டுபவர்), கிளவுட் செக்யூரிட்டி, மாதாந்திர கிளவுட் பில் ஏன் திடீரென்று எகிறியது என்று கண்டுபிடிக்கும் ஆள் — இந்த வேலைகளுக்குச் சென்னையில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் மையங்கள் நல்ல சம்பளம் கொடுக்கின்றன. அந்த மாடிக்கு ஏறும் படிக்கட்டு, மேலே சொன்ன அடித்தளப் பாடங்கள்தான்.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு: ஆஃபரை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று அயர்லாந்துக்கு மெயில் போடு. இங்கிலாந்தை விட்டுவிடு. இந்த வருடம் குபெர்னெட்டிஸ் தேர்வை முடித்து, நிறுவனத்துக்குள்ளேயே டீம் மாறப் பார். கேட் எழுது. வந்தால் எம்.டெக்., வராவிட்டால் ஜார்ஜியா டெக். இரண்டு வருடம் உண்மையான கிளவுட் வேலை பார்த்த பிறகும் அயர்லாந்து வேண்டும் என்றால், அப்போது உன் சேமிப்பும் கொஞ்சம் இருக்கும், பத்திரம் இல்லாமல் முடிகிற அளவுக்குக் கடன் வாங்கிப் போ. முகம் வாடியது. நண்பர்கள் மூன்று பேர் இந்த செப்டம்பரில் கிளம்புகிறார்களாம். அந்த வலி எனக்குப் புரிகிறது, அதை லேசாகப் பேச மாட்டேன்.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். பழைய லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் தனித்தனி மெஷின்) போட்டு ஒரு குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் கட்டியிருந்தான். சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு மெஷினைப் பட்டென்று அணைத்துக் காட்டினான். அதில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் (பாட் என்பார்கள்) இன்னொரு மெஷினுக்கு மாற வேண்டும். மாறவில்லை. காத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்குமேல் ஆன பிறகுதான் மாறியது.

"ஏன்க்கா இவ்ளோ நேரம்? அணைச்சது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பதில் வரலைன்னு மட்டும்தான் தெரியும். செத்துருச்சா, மெதுவா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? அதான் 300 செகண்ட் பொறுத்துப் பாக்குது."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ அமேசான்ல அக்டோபர் மாசம் லேட்டா வந்துச்சே ஒண்ணு, அதையும் இப்படித்தான் மத்ததெல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சிருச்சாக்கா?"

சாப்பிட்ட தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து, அதைப் பற்றி ராத்திரி பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.